மொட்டைக் கடிதத்தின் கார்பன் காப்பி

மொட்டைக் கடிதம் போடுகிற எவனாவது அதற்குக் கார்பன் காப்பி எடுத்து வைப்பானா? நான் வைத்தேன். ஊதா நிறம் மங்கி, மடிப்பில் கிழிந்து, இன்னும் என் பூசைப் புத்தகத்துக்குள் பெரிய வெள்ளிக்கிழமைச் செபங்களுக்கு நடுவில் இருக்கிறது. காப்பி இல்லாத கடிதம் கடிதமே இல்லை என்பது எனக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த அம்பத்தூர் இன்ஸ்டிட்யூட் மாஸ்டரின் வேதவாக்கு. ஹையர் பாஸ் பண்ணியவன் நான். கொலை செய்யப் போனால்கூட இரண்டு தாளுக்கு நடுவில் கார்பனைச் செருகிக்கொண்டுதான் போவேன். அது மட்டுமா, அந்தக் கடிதத்தில் தேதி போட்டேன். பத்தி பத்தியாக எண் போட்டேன். டைப் அடித்தவனின் முதலெழுத்தைக் கீழே இடது மூலையில் போடுவது இன்ஸ்டிட்யூட் பழக்கம். அதைப் போடக் கிளம்பிய விரலைக் கடைசி நொடியில் இன்னொரு கையால் பிடித்து இழுத்தேன். பெயரை மறைப்பதற்காகவே எழுதப்படுகிற கடிதத்தில், பெயரைத் தவிர என்னைப் பற்றிய எல்லாமே இருந்தது.

அதை எழுதக் காரணமான முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருக்கோடி மாடி போர்ஷனில் குடியிருந்த போலந்து நாட்டுச் சட்டப் பேராசிரியரை, ஆவடி டாங்கித் தொழிற்சாலையை வேவு பார்க்க வந்த ஒற்றர் என்று நம்பினேன். எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்துமூன்று வயது. ஒற்றர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள், மழைக்கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டிருப்பார்கள் என்பதுதான். இவர் லுங்கி கட்டிக்கொண்டு, கேரியர் வைத்த சைக்கிளில், ஹாண்டில்பாரில் குடையை மாட்டிக்கொண்டு போவார். அதுவே எனக்குச் சந்தேகத்தை அதிகமாக்கியது. உண்மையான ஒற்றன் ஒற்றன் மாதிரியா இருப்பான்?

புரொபசரிடம் என்னைச் சேர்த்துவிட்டவர் எங்கள் பங்குச் சாமியார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது என் தோளைத் தட்டி, ஒரு பெரிய படிப்பாளி வந்திருக்கிறார், அவர் எழுதுவதை டைப் அடிக்க ஆள் வேண்டும், சும்மா சுற்றுகிறாயே, போ என்றார். ஒல்லியான உயரமான மனிதர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். வந்த புதிதில் அவர் நாட்டில் ராணுவச் சட்டம் வந்துவிட, திரும்பிப் போக மனமில்லாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுமதியை நீட்டித்துக்கொண்டு இங்கேயே தங்கியிருந்தார். ஒவ்வொரு ஆறு மாத முடிவிலும் ஒரு வாரம் சரியாகச் சாப்பிட மாட்டார். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வந்த அன்று மட்டும் தெருமுனை டீக்கடையில் எனக்கும் சேர்த்துப் பால் இல்லாத டீ சொல்வார். டீக்கடைக்காரர் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பால் வேணாம் சார்'.

அவர் ஆராய்ச்சி சத்தியத்தைப் பற்றியது. காந்தியின் சத்தியம் இல்லை. நம் தெருவில் பண்ணுகிற சத்தியம். சட்டம் என்று ஒன்று எழுதப்படுவதற்கு முன்னால் மனிதர்கள் ஒருவர் சொல்லை ஒருவர் எப்படி நம்பினார்கள் என்பது அவர் கேள்வி. தன் நாட்டுப் பழைய கிராமப் பஞ்சாயத்துகளில் சிலுவையைத் தொட்டுச் செய்த சத்தியங்களைப் பற்றி வாலிப வயதிலேயே ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அங்கே அது செத்துப்போய்க் காகிதத்தில்தான் இருக்கிறது, இங்கே உயிரோடு தெருவில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர். ஆகவே அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் வணக்கம் இல்லை, 'சத்தியமாவா?' என்பதுதான். காய்கறிக்காரம்மா கத்தரிக்காய் பிஞ்சு என்றால் 'சத்தியமாவா?' என்பார். அந்த அம்மாளும் விடாமல், 'மாரியாத்தா சத்தியமா சார், புழு இருந்தா என் கண்ணு அவிஞ்சிபூடும்' என்பாள். உடனே சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொள்வார். அம்மா மேல் சத்தியம், மாதா சத்தியம், சோத்து மேல் சத்தியம், பெத்த புள்ள தலையில் அடித்துச் சத்தியம், கண்ணாணை, கற்பூரம் அணைத்து, குரானைத் தொட்டு, கோயில் படியைத் தாண்டி. எந்தச் சத்தியம் எதற்கு, யார் யாருக்குச் செய்யலாம், பொய்ச் சத்தியத்துக்கு எது பரிகாரம் என்று கோடு போட்டுக் கட்டம் கட்டி வைத்திருந்தார். நாம் ஒரு நாளைக்கு இத்தனை சத்தியம் பண்ணுகிறோமே, அப்படியானால் எவ்வளவு பொய் சொல்லுகிறோம் என்று அந்த நோட்டை டைப் அடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

முதல் நாள் டைப் அடித்துக் கொடுத்த தாளைப் பார்த்துச் சிரித்தார். தாளின் தலையில் நடுவாக ஜே.எம்.ஜே. என்று மூன்றெழுத்து போட்டிருந்தேன். சேசு மரி சூசை என்பதற்கு ஆங்கில முதலெழுத்து. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் பழக்கிவிட்டது. மூன்று புனிதப் பெயரையும் போடாமல் தாளில் கை வைத்தால் அன்றைக்குப் பரீட்சை ஊத்திக்கொள்ளும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். அவர், தன் அம்மாவும் கடிதத்தின் தலையில் இதே மூன்றெழுத்தைப் போடுவாள் என்றார். அவர்கள் மொழியிலும் அதே எழுத்துகள்தானாம். ஆனால் ஆராய்ச்சித் தாளில் வேண்டாம் என்று சிவப்புப் பென்சிலால் அடித்துக் கொடுத்தார். மறுநாளும் போட்டேன். மறுநாளும் அடித்தார். வேண்டுமென்று செய்யவில்லை, விரல் தானாகவே போய் மூன்றெழுத்தைத் தட்டிவிட்டு அப்புறம்தான் என்ன வேலை என்று கேட்கும். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் அடிப்பதை விட்டுவிட்டார். 'உன் கைக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதோடு எனக்கென்ன சண்டை' என்றார்.

தன் கதையை அவர் துண்டு துண்டாகத்தான் சொல்வார். ரிப்பன் மாற்றும் நேரத்தில் ஒரு துண்டு, மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு துண்டு. அவர் பல்கலைக்கழகத்தில் உதவியாளராக இருந்தபோது, அரசாங்கத்தைத் திட்டி ஒரு தாள் யாரோ டைப் அடித்துச் சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். விசாரணை வைத்து, தாளை மேசைமேல் போட்டு, இதை எழுதியது யார் என்று இவரைக் கேட்டிருக்கிறார்கள். எழுதியது அவருடைய குரு. நடையைப் பார்த்ததுமே இவருக்குத் தெரிந்துவிட்டது. உறுதிமொழி எடுத்துக்கொண்டு, தெரியாது என்று சொன்னார். அவர்கள் நம்பவில்லை. பாடம் நடத்தும் வேலை போயிற்று, நூலகத்துக்குத் தள்ளினார்கள், அங்கிருந்து நகராட்சிப் பழைய தாஸ்தாவேஜு அறைக்கு. ஜன்னல் இல்லாத அந்த அறையில்தான் பழைய சத்தியங்களைப் படிக்க ஆரம்பித்தாராம். 'வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்ச்சாட்சி சொன்னேன். அது பாவமா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை புத்தகமும்' என்பார். நான் தலையை ஆட்டிக்கொண்டு ரிப்பனை மாட்டுவேன். அந்த வயதில் எனக்கு அது ஒரு வெள்ளைக்காரர் சொன்ன கதை, அவ்வளவுதான்.

என் கவலை வேறே. ஆவடி தொழிற்சாலையில் எல்.டி. கிளார்க் வேலைக்கு எழுதிப் போட்டு, பரீட்சையும் தேறி, போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி என்று நின்றது. மத்திய சர்க்கார் வேலை. அப்பா போனதிலிருந்து தையல் மிஷின் மிதித்தே எங்களை வளர்த்த அம்மா, அந்த வேலைக்காக வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்ளாத நேர்ச்சை இல்லை. பாரிவாக்கத்துக் கூட்டாளி ஒருவன் அதே தொழிற்சாலையில் ஏற்கெனவே ஃபிட்டராகச் சேர்ந்திருந்தான். பழைய விவசாயக் குடும்பம், ஐ.டி.ஐ. முடித்த முதல் ஆள் அவன்தான். அவன்தான் ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து டீக்கடை பெஞ்சில் என்னை ஓரமாக இழுத்தான்.

'மாமே, உன் வெள்ளக்காரன் இன்னா பண்ணிகினு கீறான்னு தெரியுமா? ஃபேக்டரி பின்னாடி செவுரு கிட்ட நின்னுகினு நோட்டுல எழுதிகினு இருந்தான். என் கண்ணால பாத்தேன். ஸ்பைடா அவன்.'

யாருக்கு ஸ்பை என்று கேட்டேன். ரஷ்யாக்காரனுக்கு என்றான். டாங்கிக்குப் பிளான் கொடுத்ததே ரஷ்யாக்காரன்தான் என்று நீதானே சொன்னாய், அவன் கொடுத்ததை அவனே ஏன் வேவு பார்க்கிறான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, அப்படியானால் அமெரிக்காவுக்கு என்றான். போலந்து ரஷ்யாவுக்குத் தோஸ்த் ஆயிற்றே என்றேன். டீயை ஒரே மடக்கில் முடித்துவிட்டு, 'அதான் மாமே டபுளு' என்றான். சிரிக்க வேண்டிய இடம். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று மாலை புரொபசர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மேசைமேல் இருந்த மடித்த காகிதத்தைப் பிரித்தேன். கையால் வரைந்த வரைபடம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, நடுவில் ரோடு, ஏரி, ரயில் தண்டவாளம். ஆங்காங்கே சிவப்புப் பென்சிலில் சிலுவைக் குறி. ஒரு குறி தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டி. பக்கத்தில் பொடி எழுத்தில், வெள்ளிக்கிழமை, ஷிஃப்ட் மாறும் நேரம், இருபது முப்பது பேர் என்று எழுதியிருந்தது. படித்ததும் என் காதில் பூட்ஸ் சத்தமே கேட்டுவிட்டது. குண்டு போடுகிறவன் குறி வைக்கிற இடம், கூட்டம் சேரும் நேரம், எல்லாம் தயார். அவர் நோட்டையெல்லாம் சுத்தமாக இரட்டை இடைவெளியில் டைப் அடித்துக் கொடுத்தது யார்? ஹையர் பாஸ் பண்ணிய மகாராசன். அன்று இரவு கனவில் என்னைத் தூக்கில் போட்டார்கள். போடுவதற்கு முன்னால் ஆணையை மூன்று காப்பி டைப் அடித்துத் தரச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை, இன்ஸ்டிட்யூட்டில் மதிய நேரத்தில் யாரும் இல்லாதபோது கடிதத்தை அடித்தேன். ஐயா, கீழ்க்கண்ட சில வரிகளைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவர விரும்புகிறேன் என்று நல்ல மனு இங்கிலீஷில் தொடங்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் புரொபசரின் சைக்கிள், நோட்டு, வரைபடம், தொழிற்சாலைச் சுவர். இப்படிக்கு நாட்டுப்பற்றுள்ள குடிமகன். உருளையிலிருந்து தாளை உருவிப் படித்துப் பார்த்தபோது பிழையே இல்லை. அவ்வளவு சுத்தமாக நான் புரொபசருக்கு ஒரு பக்கம்கூட அடித்துக் கொடுத்ததில்லை. தலையில் ஜே.எம்.ஜே. இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. நம் மூக்கை நாம் கவனிக்கிறோமா? அம்பத்தூரில் போட்டால் தபால் முத்திரை காட்டிக்கொடுக்கும் என்று பூந்தமல்லி வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய் அங்கே ஒரு பெட்டியில் போட்டேன். எவ்வளவு மூளை பாருங்கள்.

பாரிவாக்கத்துக்கு நாங்கள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டாளியின் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவான கிணறு ஒன்று. அதன் பம்ப்செட் மோட்டார் காணாமல் போயிருந்தது. தம்பிதான் எடுத்தான் என்று அண்ணன் சொல்ல, பேச்சு முற்றி, கிராமத்து அம்மன் கோயிலில் சத்தியம் என்று முடிவாயிற்று. விஷயத்தை நான் சொன்னதும் புரொபசருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடமாகக் காத்திருந்தது இதற்குத்தான் என்று குடையை மறந்துவிட்டு ஓடிவந்தார். கோயில் படியில் வெற்றிலைமேல் கற்பூரம் ஏற்றினார்கள். சித்தப்பா ஈர வேட்டியோடு வந்து நின்றார். 'எடுத்திருந்தா என் வம்சம் வெளங்காம பூடட்டும் தாயே' என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் ஒரே அறையில் அணைத்தார். படியில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் மிஞ்சியது. கூட்டம் கலைந்தது. அண்ணன்காரர் மட்டும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கூட்டாளி வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்து கிணற்றுப் பக்கம் போனால், பம்ப்செட் கொட்டகையில் மோட்டார் கோணியில் சுற்றி வைத்திருந்தது. யார் வைத்தது என்று புரொபசர் கேட்டார். கூட்டாளி என்னிடம்தான் சொன்னான்: 'சார்கிட்ட சொல்லு மாமே, அதெல்லாம் கேக்கக் கூடாது. சத்தியத்துக்கு அப்பால யாரு வெச்சான்னு கேட்டா, சாமிய நம்பலன்னு ஆயிடும்.' நான் மொழிபெயர்த்தேன். புரொபசர் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது. நாங்கள் கட்டிய சட்டமெல்லாம் பொய் சொன்னவனைப் பிடிப்பதற்கு, இவர்கள் அவன் திரும்பி வருவதற்கு ஒரு பாதையை விட்டு வைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு பையிலிருந்து அந்த வரைபடத்தை எடுத்து, மோட்டார்மேல் விரித்து, பாரிவாக்கத்து அம்மன் கோயில் இருக்கும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு சிலுவைக் குறி போட்டார்.

கூட்டாளி எட்டிப் பார்த்து, மற்றக் குறியெல்லாம் என்னவென்று கேட்கச் சொன்னான். ஒவ்வொன்றாகக் காட்டினார். இது நூம்பலில் ஒரு வேப்பமரத்தடி. இது பூந்தமல்லி தர்கா. இது நம் பங்குக் கோயில் மாதா கெபி. எல்லாம் ஆட்கள் சத்தியம் செய்கிற இடங்கள். தொழிற்சாலைப் பின்சுவரை ஒட்டிய குறி? அங்கே ஒரு சின்ன முனீஸ்வரன் கோயில். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் மாறும்போது, ஸ்பேனர் காணோம், டிபன் பாக்ஸ் காணோம் என்று தொழிலாளிகள் வந்து சத்தியம் பண்ணுகிற இடம். கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டான். 'அட இத்தானா மேட்டரு? நானே போன மாசம் அங்க சத்தியம் பண்ணிகினு வந்தேன் மாமே' என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் எங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மஃப்டியில் வந்திருந்த அதிகாரி மரியாதையானவர், புரொபசருக்கு நாற்காலி போடச் சொன்னார். மேசைமேல் கடிதம் இருந்தது. நின்ற இடத்திலிருந்து தலைகீழாகப் பார்த்தபோதும் அந்த மூன்றெழுத்து என் கண்ணில் முள்ளாகக் குத்தியது. அதிகாரி தாளைப் புரொபசர் பக்கம் திருப்பி வைத்து, இதை எழுதியது யாராக இருக்கும், உங்களுக்கு வேண்டாதவர் யாராவது உண்டா என்று கேட்டார். புரொபசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதலில் உள்ளடக்கத்தை. பிறகு மேலே போனார். சுட்டுவிரலை ஜே.எம்.ஜே. மேல் வைத்து, மெதுவாக ஒருமுறை தடவினார். என் பக்கம் திரும்பவில்லை.

'தெரியாது' என்றார்.

இப்படி ஒரு மேசை, இப்படி ஒரு டைப் அடித்த தாள், இதே கேள்வி, இதே பதில். அவர் கதையை நானே டைப் அடிக்காவிட்டாலும் காதால் கேட்டவன். வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்ச்சாட்சி என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு, என் தயவில் அன்றைக்கு இரண்டாயிற்று. அடுத்து அதிகாரி என்னைக் கேட்டார். இவர் ஃபேக்டரி பின்னால் எதற்குப் போனார், உனக்குத் தெரிந்திருக்குமே, கூடவே இருக்கிறாயே? முனீஸ்வரன் கோயிலுக்கு என்று இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால், இவர் விஷயம் உனக்கு எப்படி இவ்வளவு தெரியும், நீயும் கூடப் போனாயா, நீதானே டைப்பிஸ்ட் என்று ஒவ்வொன்றாக அவிழும் என்று என் மூளை கணக்குப் போட்டது. பயத்தில்தான் எனக்கு மூளையே வேலை செய்யும்.

'எனக்கு ஒன்னும் தெரியாது சார். நான் டைப் மட்டும்தான் சார் அடிப்பேன்.'

புரொபசர் தாமே விளக்கினார். சத்தியம், முனீஸ்வரன், கற்பூரம் என்று அவர் விளக்க விளக்க அந்த அதிகாரியின் முகத்தில் குழப்பம்தான் கூடியது. ஒரு வெள்ளைக்காரர் இதற்காகவா இத்தனை வருடம் கள்ளிக்குப்பத்தில் கொசுக்கடியில் கிடக்கிறார்? உள்ளூர் ஆள் ஒருவன் ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ. உள்ளூர் ஆள் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

வரைபடத்தையும் இரண்டு நோட்டையும் பரிசீலனைக்கு என்று எடுத்துக்கொண்டார்கள், திரும்பி வரவில்லை. அந்த ஆறு மாதம் முடிந்தபோது முத்திரை விழவில்லை. பதினைந்து நாளில் கிளம்ப வேண்டும். சாமியார் எங்கெங்கோ எழுதிப் பார்த்தார். வேறு எந்த நாடும் அதற்குள் இடம் தரவில்லை. எந்த நாட்டுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தாரோ அந்த நாட்டுக்கே டிக்கெட். கடைசி நாள் டைப் அடித்த கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார், தலையில் மூன்றெழுத்து இருந்தது, அப்படியே உள்ளே வைத்தார். பிறகு, தெருவில் பொறுக்கிய தமிழில், 'உன் வேலை இன்னா ஆச்சு?' என்று கேட்டார். கிடைத்துவிடும் போலிருக்கிறது என்றேன். நல்லது என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வேலை கிடைத்தது. பதினைந்து வருடமாகிறது. தொழிற்சாலை கேன்டீனில் எனக்கென்று ஒரு மேசை உண்டு. என் கதைக்கென்று ஒரு கூட்டம் உண்டு. 'நான் ஸ்பை புடிச்ச கதை'யைப் புது ஆள் சேரும்போதெல்லாம் கேட்டு வாங்குவார்கள். கார்பன் காப்பியில் ஒரு சிரிப்பு, டபுள் ஸ்பையில் ஒரு சிரிப்பு, தூக்குமேடை டைப்பிங்கில் பெரிய சிரிப்பு. என் கதையில் கடிதம் முதலில் வரும், பாரிவாக்கம் பிறகு வரும், ஐயையோ அவசரப்பட்டுவிட்டோமே என்று நான் தலையில் கை வைத்துக்கொள்ளும்போது டீ ஆறிப்போயிருக்கும். முதல் தடவை சொன்னபோது கூட்டாளியும் அந்த மேசையில் இருந்தான். கடிதம் ஒன்று உண்டு என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். எல்லோரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. கைகழுவுகிற இடத்துக்குப் பின்னாலேயே வந்து, 'லெட்டர எப்ப மாமே போட்ட? எங்க ஊருக்கு வந்தியே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்று கேட்டான். முன்னாடி என்றேன். 'சத்தியமா?' என்றான். மாதா சத்தியமா என்றேன். சத்தியத்துக்கு அப்பால் எதுவும் கேட்கக் கூடாது என்பது அவன் ஊர் வழக்கம். கேட்கவில்லை. அதன் பிறகு என் மேசைக்கு வந்து உட்காரவும் இல்லை.

போன வருடம் சாமியார் விலாசத்துக்கு ஒரு பார்சல் வந்தது. சாமியார் மாறிவிட்டார், புதியவர் விசாரித்து என்னிடம் அனுப்பினார். புரொபசரின் மகள் அனுப்பிய புத்தகம், ஆங்கிலத்தில், கூடவே ஒரு கடிதம். ஊருக்குத் திரும்பியதும் அவர் பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டார்களாம். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்க விடவில்லை. ஐந்தாறு வருடம் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒப்பந்தப் பத்திரங்களைச் சரிபார்க்கும் குமாஸ்தா. பால் வேணாம் சாருக்குப் பால் சங்கத்தில் வேலை. கேன்டீனில் சொன்னால் நல்ல சிரிப்பு கிடைக்கும், இதுவரை சொல்லவில்லை. ஆட்சி மாறியதும் மறுபடி கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலி கொடுத்தார்கள். இரண்டு வருடம் பாடம் நடத்தினார், நுரையீரல் விட்டுவிட்டது. பறிபோன நோட்டுகளை நினைவிலிருந்து எழுதப் பார்த்து, பாதிகூட வரவில்லை என்று கடைசிவரை வருத்தப்பட்டாராம். புத்தகம் அச்சாகி வரும்போது அவர் இல்லை.

நன்றி சொல்லும் பக்கத்தில், என்னைப் பாரிவாக்கத்துக்கு அழைத்துப்போன டைப்பிஸ்டுக்கு என்று ஒரு வரி. புத்தகத்தின் பின்பாதியில் ஒரு அடிக்குறிப்பு. சென்னைக்கு மேற்கே ஓர் ஊரில் தன்மேல் வந்த ஒரு மொட்டைக் கடிதத்தைப் பற்றி எழுதியிருந்தார். கையெழுத்து இல்லாத அந்தக் கடிதத்தின் தலையில் மூன்று புனிதப் பெயர்களின் முதலெழுத்துகள் இருந்தன. ஆகவே அதையும் ஒரு சத்தியமாகவே கொள்ள வேண்டும். அதை அனுப்பியவன் தான் எழுதியதை நம்பித்தான் அனுப்பியிருக்கிறான், அவன் பயந்தவனே தவிரப் பொய்யன் அல்லன் என்று தீர்ப்பு எழுதியிருந்தார். வாழ்நாள் முழுக்கச் சாட்சிகளை எடைபோட்ட மனிதர். நாற்பது வருட உழைப்பு அந்தப் புத்தகம். படித்தவர்கள் அதில் குறை சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரிந்து அதில் பிழை ஒன்றே ஒன்று.

பூசைப் புத்தகத்திலிருந்து காப்பியை எடுத்துப் பார்த்தேன். தேதி இருக்கிறது. இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் வாழ்க. அது செவ்வாய்க்கிழமை. அடித்தேன், ஆனால் போடப் பயந்து, காப்பியோடு அசலையும் இதே புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தேன். ஐந்து நாள் அங்கேயே கிடந்தது. பாரிவாக்கம் போனது அந்த ஞாயிறு. மோட்டார்மேல் விரித்த வரைபடத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கடிதத்தைக் கிழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன். திங்கள் காலை என் வேலை விஷயமாக விசாரிக்கக் கான்ஸ்டபிள் வந்தார். பையன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டதற்கு அம்மா பெருமையாக வெள்ளைக்கார வாத்தியாரிடம் டைப் அடிக்கிறான் என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, 'அந்தாளு இங்க இருக்கற வரைக்கும் உனக்கு நல்ல ரிப்போர்ட் எழுதறது கஷ்டம்பா' என்றார். மிரட்டவில்லை, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அவர் போனதும் சைக்கிளை எடுத்தேன். ஆவடி தாண்டி, பாரிவாக்கம் வழியாகத்தான் பூந்தமல்லிக்குப் போனேன். கோயில் படியில் கறுப்பு வட்டம் இருந்தது. கிணற்றில் மோட்டார் ஓடும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. பூந்தமல்லியில் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டேன். போடும்போது அவர் ஒற்றர் இல்லை என்று எனக்குத் தெரியும்.